பொருந்திப்போன நிதானம்

லிஃப்ட் கம்பெனியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ‘நிதானம்’தான். மற்ற மெக்கானிக்குகள் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் தாவி ஏறி, வேலையை முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். இவர் அதற்குள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அணைந்துவிட்டதா என்று டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, நாலு எட்டு நடந்தபிறகு சந்தேகம் வந்து, திரும்பிப் போய் மறுபடியும் பார்த்துக்கொண்டிருப்பார்.

“யோவ் நிதானம், லிஃப்டே தானா சரியாயிடும்போல இருக்கு. நீ வருவியா மாட்டியா?” என்று மேலேயிருந்து கூட்டாளி கத்துவார். இவர் சிரித்துக்கொண்டே இன்னொரு தரமும் பார்த்துவிட்டுத்தான் போவார்.

உண்மையில் அது நிதானம் இல்லை, பயம். அது அவருக்குத் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும். இடி இடித்தால் ஜன்னல் பக்கம் போகமாட்டார். தெரு நாய் நின்று பார்த்தால் இவர் எதிர்ப்பக்கம் போய்விடுவார். ஊசி என்றால் கேட்கவே வேண்டாம். வேலைக்குச் சேரும்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் நாற்காலியோடு சாய்ந்து, நர்ஸின் காலடியில் விழுந்தவர். “கல்யாணத்துக்கு முன்னாடி இதெல்லாம் எவனும் எனக்குச் சொல்லல” என்று மனைவி இன்றைக்கும் குறைப்பட்டுக்கொள்வார். அந்த அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலை பார்த்தார். தைரியசாலி. வீட்டில் பல்லி விழுந்தால் அடித்து விரட்டுவது அவர்தான்.

இப்படிப்பட்ட மனிதர் ரத்தத்தை ஊறவைக்கும் ஸ்டெம் செல்களைத் தரும் கொடையாளராகப் பதிவு செய்துகொண்டது எப்படி என்றால், அதற்கும் பயம்தான் காரணம்.

ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்துக்கு லிஃப்ட் சர்வீஸுக்குப் போயிருந்தார். கீழ்த்தளத்தில் மேஜை போட்டு, வெள்ளைக் கோட்டு மாட்டிய இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ரத்தப் புற்றுநோய்க்காரர்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுவதற்கு ஆள் பதிகிறோம் என்றார்கள். இவர் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டு, “ஊசி உண்டா?” என்று கேட்டார்.

“இல்ல சார். பஞ்சு சுத்தின குச்சியால கன்னத்துக்கு உள்பக்கம் தேய்ச்சு எடுப்போம். அவ்வளவுதான்.”

“அப்புறம் கூப்பிடுவீங்களா?”

“பெரும்பாலும் கூப்பிட மாட்டோம் சார். அவங்களுக்கும் உங்களுக்கும் ஒத்துப்போகணும். ஆயிரக்கணக்கான பேர்ல தேடினாலும் கிடைக்கிறது கஷ்டம்.”

ஊசி இல்லாமல் செய்யக்கூடிய புண்ணியம் உலகத்தில் இது ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றியது. கூப்பிடவும் மாட்டார்கள். வாயைத் திறந்து காட்டினார். குச்சியை உள்ளே விட்டுத் தேய்த்தார்கள், கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்கள். மகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அந்தச் சங்கதியையே மறந்துபோனார்.

வருஷங்கள் ஓடின. மகள் அப்பாவின் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். ஒருநாள் ஜவுளிக்கடை லிஃப்டுக்குக் கம்பிக்கயிறு மாற்றிக்கொண்டிருந்தபோது பாக்கெட்டில் போன் அடித்தது. கூண்டின்மேல் நிற்கும்போது அவர் போன் எடுக்கமாட்டார். இறங்கி வந்து பார்த்தால் தெரியாத எண். திருப்பிக் கூப்பிட்டார். ஒரு பெண் குரல், பதிவு மையத்திலிருந்து பேசுவதாகச் சொல்லிற்று.

“சார், உங்க மரபணு ஒரு நோயாளியோட ஒத்துப்போற மாதிரி தெரியுது. இன்னும் நுணுக்கமா பார்க்கணும். ஒரு தடவை வந்து ரத்தம் கொடுக்க முடியுமா?”

ரத்தம் என்ற சொல் காதில் விழுந்ததும் “யோசிச்சுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டார். வீட்டில் சொன்னபோது மனைவி சட்டென்று, “கிட்னி திருடுற கும்பலா இருக்கப்போகுது. நான் இல்லாம போயிடாதீங்க” என்றார்.

ஆகவே இரண்டு பேருமாகப் போனார்கள். கும்பல் எதுவும் இல்லை. பச்சைத் திரை போட்ட சின்ன அறை, தண்ணீர்க் கேன், தொலைபேசியில் பேசிய அதே பெண். அந்தப் பெண்ணின் மேஜை முழுக்கச் சக்கரம் கழன்ற பொம்மைக் கார்கள். மகன் பள்ளி விட்டதும் இங்கேதான் வருவானாம். அதைப் பார்த்தபிறகு மனைவிக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. உள்ளே டாக்டர் பொறுமையாகச் சொன்னார். உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லின் மேலும் ஓர் அடையாளம் ஒட்டியிருக்கிறது. நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்த அடையாளத்தைத் தடவிப் பார்த்துத்தான் இது நம்ம ஆள், இது வெளி ஆள் என்று தெரிந்துகொள்கின்றன. அந்த அடையாளத்தை எழுதுகிற மரபணுக்களில் பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வருகிறது. கொடுப்பவருடையதும் வாங்குபவருடையதும் ஒத்துப்போகாவிட்டால், புதிதாகப் போன அணுக்கள் போன வீட்டையே அடித்து நொறுக்கிவிடும்.

“நம்ம கதவுச் சாவி மாதிரி” என்றார் நிதானம். லிஃப்ட் கதவை வெளியிலிருந்து திறக்க ஒரு சாவி உண்டு. வேறு கம்பெனிச் சாவியைப் போட்டுத் திருகினால் கதவும் திறக்காது, பூட்டும் கெட்டுப்போகும்.

“அப்படியும் வச்சுக்கலாம்” என்றார் டாக்டர்.

மனைவிக்கு வேறு கவலை. “டாக்டர், இதை இப்ப யாருக்கோ கொடுத்துட்டு, நாளைக்கு எங்க பொண்ணுக்கே தேவைப்பட்டா?”

“கொடுத்தது சில வாரத்துல மறுபடியும் ஊறிடும்மா. தவிர, உங்க பொண்ணுக்கு அப்பாகிட்டேர்ந்து பாதிதான் பொருந்தும். மீதிப் பாதி உங்களோடது.”

“ஆனா இந்த ஆளுக்கு முழுசா பொருந்துதா?”

“அப்படித்தான் தெரியுது.”

மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தார். “யாருன்னே தெரியாதவங்களுக்கு முழுசு, பெத்த பொண்ணுக்குப் பாதி. நல்லா இருக்கு உங்க நியாயம்.”

அறையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள், நிதானத்தைத் தவிர. அவர் கண், அறை மூலையிலிருந்த ஊசித் தட்டின்மேல்தான் இருந்தது. கையைக் கட்டி, முகத்தைத் திருப்பி, மனைவியின் துப்பட்டாவை முறுக்கிப் பிடித்துக்கொண்டு எப்படியோ ரத்தம் கொடுத்தார். மயங்கி விழவில்லை. பக்கத்துக் கட்டிலில் கொஞ்ச நேரம் படுக்கவைத்தார்கள், அது வேறு விஷயம்.

அதற்குப்பிறகு பல வாரம் ஒரு சத்தமும் இல்லை. போன் அடிக்கும்போதெல்லாம் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார். ஒத்துப்போகக் கூடாது என்று மனம் வேண்டியது. உடனே, அங்கே ஒருவர் படுத்துக்கிடக்கிறாரே, இப்படி நினைக்கிறோமே என்று வெட்கம் வந்தது. வெட்கம் வந்த பிறகும் ஒத்துப்போகக் கூடாது என்றுதான் வேண்டினார்.

ஒத்துப்போய்விட்டது. பார்த்த இடத்திலெல்லாம், ஓர் எழுத்துகூடப் பிசகாமல்.

“வேற யாருமே இல்லையா மேடம்?” என்று மையத்துப் பெண்ணிடம் கேட்டார். அவர் தயங்கினார்.

“ஒருத்தர் இருந்தாங்க சார். உங்களுக்கு முன்னாடி அவங்களைத்தான் கேட்டோம். சரின்னு சொன்னாங்க. அப்புறம் வீட்ல சம்மதிக்கலன்னு விலகிட்டாங்க. அது அவங்க உரிமை, நாங்க ஒண்ணும் சொல்ல முடியாது. நீங்களும் விலகலாம். ஆனா விலகறதா இருந்தா, இப்பவே சொல்லிடுங்க. அங்க மருந்து ஆரம்பிச்ச பிறகு சொல்லாதீங்க.”

“ஏன்?”

“அந்த மருந்து அவங்களோட மஜ்ஜை முழுக்க அழிச்சிடும். அப்புறம் உங்களோடது போய்ச் சேர்ந்தாத்தான் அவங்களுக்கு ரத்தமே ஊறும். போகலன்னா…”

நிதானம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினார். “என்ன சொன்னீங்க?” என்று மனைவி கேட்டார். “சரின்னு சொல்லிட்டேன்.” “பயமா இல்ல?” “பயமாத்தான் இருக்கு. வேண்டாம்னு சொல்ல அதைவிடப் பயமா இருந்தது.”

நோயாளிக்கு மருந்து தொடங்கிவிட்டார்கள் என்று ஒரு காலையில் போன் வந்தது. அன்றிலிருந்து அவருடைய பயத்தின் குணமே மாறிப்போயிற்று. அதுவரை தனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தவர். இப்போது அவர் செத்தால் இரண்டு சாவு. சாலையைக் கடக்க நின்றால், வண்டிகள் எல்லாம் தன்னைக் குறிவைத்து வருவதுபோல் இருந்தது. யாராவது தும்மினால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார். மகள் சளியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது, “அந்தப் பக்கம் போம்மா” என்று அதட்டிவிட்டு, அவள் முகம் வாடியதைப் பார்த்து மனம் கலங்கினார். தொட்டுத் தேற்றவும் பயம்.

வேலைக்குப் போனால், லிஃப்ட் ஓடும் ஷாஃப்டுக்குள் இறங்கமாட்டேன் என்றார். “உன் பயத்துக்கு ஒரு அளவே இல்லையா?” என்று மேற்பார்வையாளர் எரிந்து விழுந்தார். விஷயத்தைச் சொன்னதும் அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு விடுப்பு கொடுத்தார். கூட்டாளி மட்டும் காதோரம் வந்து, “யோவ், உன் ரத்தத்தை ஏத்தினா அந்த ஆளு கட்டிலைவிட்டு இறங்கவே பயப்படுவானேய்யா” என்றார்.

விடுப்பின் முதல் நாளே வீட்டுக்கு நர்ஸ் வந்து ஊசி போடத் தொடங்கினார். மஜ்ஜைக்குள் இருக்கிற ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவழைக்கிற மருந்து அது. தொடர்ந்து சில நாள் போடவேண்டும். இரண்டாம் ஊசிக்கே இடுப்பும் முதுகும் விண்விண்ணென்று தெறித்தன. எலும்புக்குள்ளிருந்து யாரோ வெளியே வர முட்டுவதுபோல இருந்தது. அது இயல்புதான் என்றார்கள். ஆனால் மையத்துப் பெண் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லியிருந்தார். “இந்த மருந்துல மண்ணீரல் கொஞ்சம் வீங்கும் சார். இடது விலாவுக்குக் கீழ இருக்கு. விழக் கூடாது, இடிபடக் கூடாது, கனமா எதையும் தூக்கக் கூடாது. அங்க சுருக்குன்னு வலிச்சா உடனே கூப்பிடுங்க.”

அவருக்கு இதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். அன்றிலிருந்து இடது விலாவைக் கையால் அணைத்துக்கொண்டு, முட்டை சுமக்கிறவர்போலத்தான் வீட்டுக்குள் நடந்தார்.

அந்த நிலையில்தான் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியின் லிஃப்ட் நின்றுபோனது.

அது வேறு கம்பெனி லிஃப்ட். பராமரிப்பு சரியில்லை என்று இவரே பலமுறை புகார் சொல்லியிருக்கிறார். நடுப்பகலில் படிக்கட்டில் தடதடவென்று சத்தம். கதவைத் திறந்தால் நாலைந்து பேர். “லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. உள்ள டீச்சரம்மா இருக்காங்க. சீக்கிரம் வாங்க!”

டீச்சரம்மா மேல்மாடியில் தனியாக இருப்பவர், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. மகளுக்குக் காசு வாங்காமல் பாடம் சொல்லிக்கொடுப்பவர். அவருக்கு இளைப்பு நோய் உண்டு.

நிதானம் சாவிக்கொத்தை எடுத்தார். மனைவி குறுக்கே நின்றார். “அவர் வரக் கூடாதுங்க. உடம்புக்கு மருந்து போயிட்டிருக்கு.”

“சும்மா வந்து பார்க்கச் சொல்லுங்கம்மா, உயிர் போற விஷயம்!”

உயிர் போகிற விஷயம் இரண்டு பக்கமும் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அவர் விலாவைப் பிடித்துக்கொண்டு மெல்ல வெளியே வந்தார். அந்த லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போட்டார்கள், பாட்டு போட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். கூட்டாளியைக் கூப்பிட்டார். அவர் நகரத்தின் அந்தக் கோடியில் இருந்தார். வருகிறேன், நெரிசலாக இருக்கிறது என்றார்.

லிஃப்ட் கதவுக்குப் பின்னாலிருந்து டீச்சரம்மாவின் மூச்சு கேட்டது. கீச்கீச்சென்று, ஒவ்வொரு மூச்சையும் இழுத்துப் பறிப்பதுபோல. “தம்பி… இருக்கீங்களா? காத்தே இல்ல தம்பி…”

“காத்து வரும் டீச்சர். கூரையில ஓட்டை இருக்கு, காத்துக்குன்னே வச்சது. தரையில உட்காருங்க. பையில மருந்து இருக்கா?”

“வீட்ல… வச்சிட்டு வந்துட்டேன்.”

அதற்குள் ஜிம்காரர் இரும்புக் கடப்பாரையோடு வந்துவிட்டார். அந்தத் தெருவில் உடற்பயிற்சிக்கூடம் நடத்துகிறவர், கதவளவு அகலம். “தள்ளுங்க. கதவை நெம்பித் தொறந்து அம்மாவை இழுத்துடலாம்.”

நிதானம் கதவையும் கடப்பாரையையும் பார்த்தார். கூண்டு இரண்டு மாடிக்கு நடுவில் தொங்குகிறது. கதவைத் திறந்தால் மேலே பாதி கூண்டு தெரியும். அதற்குக் கீழே வாயைப் பிளந்துகொண்டு ஷாஃப்டின் பள்ளம். உள்ளேயிருந்து கால் வைத்து இறங்குகிறவர்கள் அந்தப் பள்ளத்தில்தான் வழுக்கி விழுவார்கள். இப்படி விழுந்தவர்களை எடுக்க அவர் இருமுறை போயிருக்கிறார். இரண்டு முறையும் எடுத்தது உடலைத்தான்.

கதவில் முதுகைச் சாய்த்து நின்றார். “தொறக்கக் கூடாது.”

“மூச்சு திணறுது, கேக்கலையா உனக்கு? பயந்தாங்கொள்ளி, வழியை விடு!” ஜிம்காரர் தோளைப் பிடித்தார். தள்ளினால் போதும், படிக்கட்டின் முனை இடது விலாவில் குத்தும். ஆனாலும் நிதானம் நகரவில்லை.

மனைவி ஓடிவந்து நடுவில் புகுந்தார். “அவர் மேல கை வச்சீங்க, மரியாதை கெட்டுடும்! அவர் ரத்தத்தை நம்பி ஒரு ஆஸ்பத்திரியில ஒருத்தர் உயிரைக் கையில பிடிச்சிட்டிருக்காங்க. தெரியுமா உங்களுக்கு?” என்று கத்தினார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தக் கத்தலில் எல்லோரும் ஓரடி பின்வாங்கினார்கள்.

உள்ளே மூச்சுச் சத்தம் இன்னும் மெலிந்தது. கூட்டாளி வருகிறவரை இந்த அம்மா தாங்கமாட்டார் என்று நிதானத்துக்குத் தெரிந்துவிட்டது. ஜிம்காரரைப் பார்த்து, “கடப்பாரையைப் போடுங்க. என்கூட மேல வாங்க. நான் சொல்றதைச் செய்யணும், சொல்லாததைச் செய்யக் கூடாது. என் வயித்துப் பக்கம் உங்க கை படவே கூடாது” என்றார். ஜிம்காரர் கடப்பாரையைக் கீழே போட்டார்.

மனைவியிடம், “டீச்சர்கிட்ட பேசிட்டே இரு. நிறுத்தாதே” என்று சொல்லிவிட்டுப் படியேறினார். மொட்டைமாடியில் மோட்டார் அறைக்கு ஒரு இரும்பு ஏணி. துருப்பிடித்தது. ஏணியின் அடியில் நின்று மேலே பார்த்தார். ஒரு கை தவறினால் முடிந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த நோயாளி, வெள்ளைச் சுவருள்ள ஓர் அறையில் கதவையே பார்த்துக்கொண்டிருப்பதாக மனசுக்குள் ஒரு படம் ஓடியது. அதைப் பிடித்துத் தள்ளிவிட்டு முதல் கம்பியில் கால் வைத்தார். பின்னாலேயே ஜிம்காரர், ஒரு சுவர் நகர்ந்து வருவதுபோல ஏறினார்.

மோட்டார் அறையில் எண்ணெய் நாற்றம். மெயினை அணைத்தார். டெஸ்டர் வைத்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். “இன்னும் என்ன பார்க்கறீங்க?” என்றார் ஜிம்காரர். “உங்க கை போகாம இருக்கணுமேன்னு பார்க்கறேன்.”

பிரேக்கை ஒரு நெம்புகோலால் தளர்த்தவேண்டும். அதே நேரம் பெரிய கைச்சக்கரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பவேண்டும். ஒரே ஆள் இருக்கிற கூண்டு மேலேதான் போகப் பார்க்கும், ஏனென்றால் மறுமுனையில் தொங்கும் எடை அதைவிடக் கனம். பிரேக்கைக் கொஞ்சம் அதிகநேரம் விட்டால் கூண்டு ஓடிவிடும். அதனால் பிரேக்கை வேறு யாரிடமும் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. சக்கரத்தை ஜிம்காரரிடம் விட்டார்.

“திருப்புன்னா திருப்புங்க. நில்லுன்னா உயிரே போனாலும் நில்லுங்க.”

நெம்புகோல் பராமரிப்பு இல்லாமல் இறுகிக் கிடந்தது. கையால் இழுத்தார், அசையவில்லை. உடம்பைக் கொடுத்துச் சாய்ந்து இழுத்தார். “திருப்பு.” சக்கரம் நகர்ந்தது. “நில்லு.” விட்டார். மறுபடியும் சாய்ந்தார். “திருப்பு. நில்லு.” கம்பிக்கயிறு ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை என்று நகர்ந்தது. மூன்றாம் தரமோ நாலாம் தரமோ சாய்ந்தபோது இடது விலாவுக்குக் கீழே சுருக்கென்று குத்தியது. கண் இருட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு, “நில்லு” என்று மட்டும் சொன்னார்.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல. திருப்பு.”

கயிற்றில் மாடிக்கு ஒன்றாக அடித்திருந்த மஞ்சள் குறி நேராக வந்தது. கீழேயிருந்து மனைவி போனில், “நேரா வந்துடுச்சுங்க!” என்றார். ஏணியில் இறங்கியது நிதானத்துக்கு நினைவில்லை. வேறு கம்பெனி லிஃப்டானாலும் இந்தக் கதவுக்குத் தன் சாவி பொருந்தும் என்று முன்பே பார்த்துவைத்திருந்தார். போட்டுத் திறந்தார். டீச்சரம்மா சாம்பல் நிற முகத்தோடு மூலையில் சரிந்திருந்தார். யாரோ அவர் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து ஓடி, மருந்துக் குழலைக் கொண்டுவந்து வாயில் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு வந்தது. வந்ததும் முதலில், “எல்லாரும் ஏன் இப்படி நிக்கிறீங்க, வேலை இல்லையா?” என்றார். கூட்டம் சிரித்தது, சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

நிதானம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலி நிற்கவில்லை. மனைவியிடம் மெதுவாக, “மேடத்துக்குப் போன் போடு. இங்க வலிக்குது” என்று சொன்னார்.

மையத்துப் பெண்ணே காரில் வந்தார். முகம் காகிதம்போல வெளுத்திருந்தது. ஸ்கேன் அறையில் மேல்சட்டையைக் கழற்றிப் படுத்திருந்தபோது நிதானம் மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, “நான் செஞ்சது தப்பா மேடம்?” என்று கேட்டார்.

அந்தப் பெண் கைப்பையின் வாரைச் சரிசெய்தார். “தெரியல சார்” என்றார். “எனக்கு அங்க இருக்கிறவங்க முகம் தெரியும். அதனால என்கிட்ட கேக்காதீங்க.”

திரையைப் பார்த்த டாக்டர் கருவியை இப்படியும் அப்படியும் உருட்டினார். வீக்கம் இருக்கிறது, எதிர்பார்த்த அளவுதான், கிழியவில்லை, சதைப்பிடிப்பு என்றார். மனைவி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். அதுவரை அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. நிதானத்துக்கு அதைப் பார்த்துத்தான் உண்மையான நடுக்கம் வந்தது. இவளும் இத்தனை நாள் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள், காட்டிக்கொள்ளவில்லை.

கொடுக்கவேண்டிய நாளும் வந்தது. இரண்டு கையிலும் ஊசி. ஒரு கையிலிருந்து ரத்தம் மெஷினுக்குப் போய், ஸ்டெம் செல்லை விட்டுவிட்டு, மறு கை வழியாகத் திரும்பி வந்தது. மனைவி அவர் கண்ணின்மேல் துண்டைப் போட்டுவிட்டார். நடுவில் துண்டு வழுக்கி விழுந்ததும் குழாயில் ஓடுகிற ரத்தத்தைப் பார்த்துவிட்டார். நினைவு தப்பிற்று. கட்டிலைச் சாய்த்து, கால்மாட்டை உயர்த்தினார்கள். அவர் மயங்கிக் கிடந்தாலும் மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. “இவர் மயக்கமே நமக்கு வசதி, ஆடாம இருக்காரு” என்றார் நர்ஸ்.

எடுத்த அணுக்கள் போதுமா என்று எண்ணிச் சொல்லும்வரை அவரால் தண்ணீர்கூடக் குடிக்க முடியவில்லை. போதும் என்றார்கள். சாயங்காலம் ஒரு மனிதர் நீலப் பெட்டியோடு வந்து, பையை வாங்கி உள்ளே வைத்து, பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்தார். நிதானம் பதறிப்போய் நர்ஸைக் கூப்பிட்டார். “சிஸ்டர், அவர் லிஃப்ட்ல போறாரா? படியில போகச் சொல்லுங்க.”

அப்புறம் மறுபடியும் காத்திருப்பு. அணுக்கள் பிடித்துக்கொண்டன என்று ஒரு போன் வந்தது. அடுத்த மாதம் கடுமையான காய்ச்சல் என்று இன்னொரு போன். பிறகு பல மாதம் போனே இல்லை. கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். ஒருவர் தன் ரத்தத்தை ஊறவைத்துக்கொண்டு எங்கோ இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமலே அவர் லிஃப்ட்களைப் பழுதுபார்த்தார். “என்னய்யா, உன் ஆளு எப்படி இருக்கான்?” என்று கூட்டாளி கேட்டால், “வேலையைப் பாரு” என்பார்.

ஒரு வருஷத்துக்குமேல் ஆனபிறகு மையத்துப் பெண் கூப்பிட்டார். “சார், அவர் நல்லா இருக்கார். வேலைக்குப் போறார். விதிப்படி இப்ப ரெண்டு பேரும் சம்மதிச்சா சந்திக்கலாம். அவர் கேக்கறார்.”

“யோசிச்சுச் சொல்றேன்” என்றார்.

“இதுல என்ன யோசனை?” என்றார் மனைவி.

“முகம் தெரியாதப்பவே இந்தப் பாடு. முகம் தெரிஞ்சுட்டா, அப்புறம் வாழ்நாள் முழுக்க அவருக்காகவும் பயப்படணும்.”

“இப்ப மட்டும் பயப்படலையாக்கும்? கிளம்புங்க.”

அதே பச்சைத் திரை அறையில் பார்த்துக்கொண்டார்கள். முப்பது வயதுகூட இருக்காத, ஒல்லியான ஆள். அச்சகத்தில் வேலையாம். முடி இப்போதுதான் அடர்த்தியாக வளர்கிறது. இருவரும் கைகூப்பினார்கள். எழுந்து நின்றார்கள், உட்கார்ந்தார்கள். கடைசியில் அந்த ஆள்தான் ஆரம்பித்தார்.

“அண்ணே, உங்களுக்கு ரொம்பப் பயம்னு மேடம் சொன்னாங்க. எனக்கு முன்னெல்லாம் பயம்னா என்னன்னே தெரியாது. இப்ப எதுக்கெடுத்தாலும் பயமா இருக்கு. ரோட்டைத் தாண்டறதுக்குள்ள ரெண்டு பக்கமும் நாலு தடவை பார்க்கறேன். ரத்தத்தோட வந்துடுச்சோ?”

அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். நிதானத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மையத்துப் பெண்ணைத் திரும்பிப் பார்த்து, “அப்படியெல்லாம் வருமா மேடம்?” என்று கவலையோடு கேட்டார். அப்போதுதான் எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். மனைவி இரண்டு பேரின் மூக்கையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார், ஏதாவது ஜாடை தெரிகிறதா என்று.

சிரித்ததில் அந்த ஆளுக்குப் புரையேறி இருமல் வந்தது. கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, ஒன்றுமில்லை என்று கையால் சைகை காட்டினார். “தண்ணி கொடுங்க மேடம், தண்ணி” என்றபடி நிதானம் எழுந்துவிட்டார். தம்ளரை நீட்டிக்கொண்டு அந்த ஆளின் பக்கத்தில் நின்றார். அந்த ஆள் குடித்து, தொண்டையைக் கனைத்து, நிமிர்ந்து உட்கார்ந்தார். நிதானம் தன் நாற்காலிக்கு இரண்டு எட்டு நடந்தபிறகு சந்தேகம் வந்து, திரும்பிப் போய் மறுபடியும் அவரைப் பார்த்தார்.